அவள் முகத்தில் நான் பூசிய கரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு பரந்தனில் நடந்தது இது. அங்கே ஒரு பொது மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெரியவர்களுக்கென்று சித்திர வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். நான் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வயது நாற்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகள். இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் பள்ளிக்கூடக் காலத்தில் நான் படம் கீறினால் பக்கத்து வகுப்பிலிருந்தும் பார்க்க வருவார்கள். பிறகு இடப்பெயர்வு, கல்யாணம், பிள்ளைகள் என்று அது அப்படியே விட்டுப்போய்விட்டது. வகுப்பு அறிவித்தல் கைபேசிக்கு வந்த அன்றே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், நான் படிக்கப் போகவில்லை. கெட்டிக்காரி என்று நாலு பேர் சொல்வதைக் கேட்கத்தான் போனேன். அதற்கென்றே யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல பென்சில் பெட்டி வாங்கினேன். வெளிறலாய் எழுதும் 2H தொடக்கம் கரி மாதிரி எழுதும் 6B வரை பன்னிரண்டு பென்சில்கள் அதற்குள் வரிசையாகக் கிடந்தன. முதல் மூன்று கிழமையும் நான்தான் அங்கே ராசாத்தி. கோட்டில் உருவம் கீறும் வேலை அது. பானை, கதிரை, செவ்வரத்தம்பூ எல்லாம் சட்டுச்சட்டென்று வந்தன. ரீச்சர் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்து முடித்த இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. என் தாளை எடுத்து உயர்த்தி மற்றவர்களுக்குக் காட்டுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு, கவனிக்காதவள் மாதிரி பென்சில் சீவுவேன்.

நாலாவது கிழமை அவள் வந்து சேர்ந்தாள். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்பவள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து அப்படியே பஸ் ஏறி வருவாள். செருப்பின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். ஒரு பழைய கொப்பியும் பாதி தேய்ந்த பள்ளிக்கூடப் பென்சிலும்தான் அவளுடைய சாமான். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். பாவம் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் மேல் எனக்கு இரக்கம்கூட இருந்தது. அதுதான் கடைசி.

அன்றைக்குத்தான் நிழல் போடும் பாடம் தொடங்கியது. ரீச்சர் ஒரு வெள்ளைத் துணியில் ஒரு வெள்ளை முட்டையை வைத்தார்.

"கோடு கீறாதேங்கோ. வெளிச்சம் எங்கை விழுகுது, நிழல் எங்கை கிடக்குது, அதை மட்டும் போடுங்கோ" என்றார்.

எனக்குக் கோடு கீறாமல் கை போகாது. முதலில் சுற்றிவர ஒரு கோடு கீறினேன். பிறகு ஒரு பக்கத்தைக் கறுப்பாக்கினேன். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் வேலி போட்ட மாதிரி ஒரு பிரிவு தெரிந்தது. அதை மறைக்க விரலால் தேய்த்தேன். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த விரல். தேய்த்த இடமெல்லாம் பிசுக்குப் பிடித்து, அழிறப்பருக்கும் அசையாமல் நின்றது. முடிவில் என் முட்டை ஒரு கத்தரிக்காய் ஆனது.

அவளுடைய தாளில் முட்டை இருந்தது. எடுத்து அவிக்கலாம் போல இருந்தது. கோடே இல்லை. முட்டையின் அடிப்பக்கத்தில், துணியின் வெளிச்சம் பட்டுத் திரும்பும் அந்த மெல்லிய வெளிறலைக்கூடப் பிடித்திருந்தாள்.

ரீச்சர் அசந்துபோய், "முந்தி எங்கையும் பழகினனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை ரீச்சர். உப்புக் குவியலைப் பாக்கிற மாதிரித்தானே. எல்லாம் வெள்ளைதான். ஆனா காலமை வெள்ளை வேறை, மத்தியான வெள்ளை வேறை" என்றாள்.

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ரீச்சர் அவளுடைய தாளை உயர்த்திக் காட்டினார். அந்த இடத்தில் மூன்று கிழமையாக என் தாள்தான் இருந்தது.

பொறாமை என்பது எனக்குப் புதிதல்ல. அயல்வீட்டில் புது அலுமாரி வந்தாலும் இரண்டு நாள் மனம் ஒரு மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. கிழமை முழுவதும் கூடவே இருந்தது. அலுவலகத்தில் கோப்புக்கு மேல் கோப்பு வைக்கும்போதும் எந்தக் கோப்பின் நிழல் எங்கே விழுகிறதென்று பார்ப்பேன். வீட்டில் குசினி மேசையில் முட்டை வைத்துப் பழகினேன். ஒருநாள் வெளிச்சம் போதாதென்று மின்குமிழையும் போட்டேன். யன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், குமிழ் வெளிச்சம் மறுபக்கம் என்று முட்டைக்கு இரண்டு நிழல் விழுந்தது. இரண்டையும் ஒழுங்காகப் போட்டு வைத்தேன். படம் பார்க்க முட்டைக்கு மீசை வைத்த மாதிரி இருந்தது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உதைக் கீறுற நேரத்துக்குப் பொரிச்சிருந்தா நாலு பேர் சாப்பிட்டிருப்பம்" என்றார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அக்கா, அக்கா என்று பக்கத்தில் வந்துதான் இருப்பாள். ஒருநாள், "அக்கா, உங்கட அந்தக் கறுத்தப் பென்சிலை ஒருக்காத் தருவியளோ?" என்று கேட்டாள். முனை உடைந்துபோய்விட்டது என்று பொய் சொன்னேன். பெட்டி என் மடியில்தான் இருந்தது. அவள் சரி அக்கா என்று சொல்லிவிட்டு, தன் பள்ளிக்கூடப் பென்சிலையே திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டி அந்தக் கறுப்பை எடுத்தாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மாசி மாதத்தில் முகம் கீறும் பாடம் வந்தது. இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் முகத்தில் நிழல் போடுவது லேசான காரியம் இல்லை. படம் எடுக்கிற கடையில் எல்லாரையும் வெள்ளையாக்கித்தான் தருவார்கள். என் கல்யாண அல்பத்தில் இருக்கிற பொம்பிளை யாரென்று எனக்கே சந்தேகம் வரும். ஒருவரின் முகத்தைக் கறுப்பாகக் கீறிக் கொடுத்தால் அது அவரை வைத மாதிரி. ஆகவே முட்டைக்கும் பானைக்கும் தாராளமாக நிழல் போட்ட எங்கள் வகுப்பு, முகம் என்றதும் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் தன் மனைவியின் முகத்தைக் கீறிக்கொண்டு வந்தார். கண், மூக்கு, வாய் தவிர மற்றதெல்லாம் வெறும் தாள்.

ரீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன் எல்லாரும் ஆக்களுக்குப் பவுடர் பூசி விடுறியள்?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனாலும் யாரும் பூசாமல் விடவில்லை.

பங்குனிக் கடைசியில் வகுப்பை ஒரு சின்னக் கண்காட்சியோடு முடிப்பதென்று முடிவானது. ஆளுக்கு ஒரு படம். அதற்கு முந்திய சனிக்கிழமை, இருவர் இருவராக எதிரெதிரே இருந்து ஒருவரை ஒருவர் கீற வேண்டும் என்றார் ரீச்சர். சீட்டுக் குலுக்கினார். எனக்கு அவள் விழுந்தாள்.

யன்னலோரம் இரண்டு கதிரையில் எதிரெதிரே இருந்தோம். வெயில் பக்கவாட்டில் அவள் முகத்தில் விழுந்தது. நான் பெட்டியைத் திறந்து நேரே 6B பென்சிலை எடுத்தேன். என் மனதில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உனக்கு நிழல் நல்லாய் வருமல்லவா, இரு, உன் முகத்துக்கு நான் நிழல் போட்டுக் காட்டுகிறேன். கண்காட்சியில் ஊரே வந்து பார்க்கட்டும். இதுதான் நான் நினைத்தது.

சும்மா கறுப்பாக்கினால் ரீச்சர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இருக்கிறதை வைத்தே போடத் தீர்மானித்தேன். அவள் முகத்தில் என்ன குறை இருக்கிறதென்று தேடித் தேடிப் பார்த்தேன். உப்பின் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கண்ணோரத்தில் விழுந்த கோடுகள். கண்ணுக்குக் கீழே பள்ளம். வெடித்த உதடு. பல் இல்லாத பக்கம் உள்ளே இழுத்துக்கொண்ட கன்னம். நெற்றி வகிட்டில் நாலைந்து நரை. ஒன்றும் விடவில்லை. எல்லாவற்றையும் உள்ளதைவிட ஒரு பங்கு கூட்டிப் போட்டேன். கை தானாகப் போனது. கோடே கீறவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் போனது தெரியவில்லை. கடைசியில் தாளில் ஓர் ஐம்பது வயது மனுசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்து, காய்ந்து, களைத்துப்போன மனுசி. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம்.

ரீச்சர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டார்.

"அக்கா, இண்டைக்குத்தான் நீங்கள் நிழல் போட்டிருக்கிறியள். எல்லாரும் வந்து பாருங்கோ. முகம் எண்டா இதுதான் முகம்."

ஆறு மாதமாக நான் ஏங்கிய வார்த்தை. இப்படி வருமென்று நினைக்கவேயில்லை. அவள் கீறிய என் படத்தை எல்லாரும் பார்த்தார்கள். அவளும் எனக்குப் பவுடர் பூசியிருந்தாள். இருபத்தைந்து வயதுப் பொம்பிளையாக, வெள்ளை வெளேரென்று, அல்பத்தில் இருப்பவளைப் போல நான் இருந்தேன். ரீச்சர் அவளைப் பார்த்து, "நீங்களுமோ?" என்றார். "அக்கா கோவிச்சுப் போடுவா எண்டு பயந்திட்டன்" என்று அவள் சிரித்தாள். அவள் கீறியதிலேயே மோசமான படம் அதுதான். அன்றைக்கு நான் வென்றேன், அவள் தோற்றாள்.

பிறகு அவள் எழுந்து வந்து என் தாளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கை வாய்க்குப் போனது. சுட்டுவிட்டது என்று நினைத்தேன். சந்தோசம் பாதி, பயம் பாதி.

"அக்கா, இதை எனக்குத் தருவியளோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கிழித்துப்போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இல்லை தங்கச்சி, கண்காட்சிக்கு இதைத்தான் வைக்கப் போறன்" என்றேன். அவள் தன் கொப்பியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் தாளின் கீழ் மூலையில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

கண்காட்சி அன்று என் படத்தை நடுச் சுவரில் தொங்கவிட்டார்கள். நான் நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் கல்யாண வீட்டில் பொம்பிளையின் தாய் மாதிரி நின்றேன். வந்தவர்கள் எல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூடுதலாக நின்றார்கள். அவள் தன் முட்டைப் படத்தைத்தான் கொடுத்திருந்தாள். அது ஒரு ஓரத்தில் இருந்தது.

பின்னேரம் நாலு மணியிருக்கும். வேட்டி கட்டிய ஒரு மனுசன் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வயல் வேலை செய்கிற கை. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எங்கட அம்மாவை உங்களுக்குத் தெரியுமோ?"

எந்த அம்மா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உப்பளத்துக்காரி பின்னால் ஓடி வந்தாள்.

"அண்ணை, அது நான். அக்கா என்னைப் பாத்துத்தான் கீறினவா."

"நீயோ?" அவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். திரும்பவும் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டார். "நீ இல்லை. அது அம்மா" என்றார்.

அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுதான் மற்றதை எல்லாம் கேட்டேன். கடைசிச் சண்டையின் இடப்பெயர்வில் தாய் செத்துப்போனபோது அவளுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் இருந்த படங்கள், தாயின் அடையாள அட்டை எல்லாம் வழியிலேயே போய்விட்டன. தாயின் படம் என்று ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

"அம்மாவின்ரை முகம் மறந்து போகுது அண்ணை எண்டு என்னோடை வந்து அழுவாள்" என்றார் அந்த அண்ணன். "எனக்கு ஞாபகம் கிடக்கு. ஆனா எப்பிடிச் சொல்லிக் காட்டுறது? அதுக்குத்தான் இவள் கீறப் பழக வந்தவள். எத்தினை தரம் கீறிப் பாத்தவள் எண்டு கேளுங்கோ."

அவள் தன் கொப்பியின் பின்பக்கங்களை விரித்தாள். நாங்கள் யாரும் பார்த்திராத பக்கங்கள். ஒவ்வொன்றிலும் பாதி முகம். நெற்றியோடு நின்றது, கண்ணோடு நின்றது, அழித்து அழித்துத் தாள் ஓட்டையானது. எனக்கு வராத நிழலெல்லாம் வந்த கை அது. அந்தக் கைக்கு வேண்டியிருந்த ஒரேயொரு முகம் மட்டும் வரவில்லை.

"அண்டைக்கு நீங்கள் கீறி முடிக்கேக்கை எனக்கு நெஞ்சு திக்கெண்டுது அக்கா" என்றாள். "எப்பிடி அக்கா எங்கட அம்மாவைக் கண்டுபிடிச்சியள்?"

தெரியாது என்றேன். கண்காட்சி முடியக் காத்திருக்காமல் அந்த இடத்திலேயே படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். மூலையில் இருந்த என் பெயரை அழிக்கப் போனேன். அவள் விடவில்லை. "பேர் கிடக்கட்டும் அக்கா. நீங்கள்தானே அம்மாவைத் தந்தனீங்கள்" என்றாள்.

சித்திரா பௌர்ணமி வந்தது. தாயை இழந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அன்று விரதம் இருந்து படைப்பார்கள். விசுவமடுவில் இருக்கும் அந்த அண்ணன் வீட்டுக்கு என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். போகாமல் விட எத்தனையோ காரணம் யோசித்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்திருந்தார்கள். நெற்றியில் சந்தனப் பொட்டு, சுற்றிவர மல்லிகை மாலை. முன்னால் வாழையிலையில் சோறும் கறியும் பாயாசமும். "இவ்வளவு வருசமும் சுவரைப் பாத்துத்தான் படைச்சனாங்கள்" என்று அந்த அண்ணன் எனக்குச் சொன்னார். வந்த சொந்தக்காரர் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்து அச்சொட்டாக அவதான் என்றார்கள். தாயின் தங்கை ஒருத்தி படத்துக்குக் கிட்டப் போய் நின்று, "கோவம் வந்தா அக்கா இப்பிடித்தான் பாக்கிறவா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணில் இருந்தது யாருடைய கோபம் என்று எனக்குத் தெரியும். கீழே மூலையில் என் பெயரும் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது.

காகத்துக்கு வைத்த பிறகு முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது அவள் தண்ணீர் ஊற்றினாள். வேறு ஒருவரும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"தங்கச்சி, நான் உம்மை வடிவாக் கீற வேணும் எண்டு நினைச்சுக் கீறேல்லை" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அதுக்கென்ன அக்கா? எங்கட அம்மா எங்கை வடிவா இருந்தவா!" என்று சொல்லித் துவாயை நீட்டினாள். மற்றதைச் சொல்லாமலே கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கண்காட்சிக்குப் பிறகும் வகுப்பை நிறுத்தவில்லை, இன்னும் நடக்கிறது. நானும் போகிறேன், அவளும் வருகிறாள். என் பென்சில் பெட்டி இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்தே கிடக்கும். நிழல் அவளுக்குத்தான் நன்றாக வருகிறது. என் வயிறு இன்னமும் எரிகிறது. திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

போன மாதம் என் மகளை எதிரே இருத்தி அவள் முகத்தைக் கீறிப் பார்த்தேன். பவுடர் பூசின முகம்தான் வந்தது. பெற்ற பிள்ளைதானே, தெரிந்த முகம்தானே என்று கண் இரண்டு நிமிடத்துக்கு மேல் அவளில் நிற்கவில்லை. என் கணவரைக் கீறினேன், அதுவும் அப்படித்தான். ஒரு மனுசரின் முகத்தை இரண்டு மணித்தியாலம் ஒரு கோடுகூட விடாமல் நான் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதுவும் அந்த உப்பளத்துக்காரியை நோகடிப்பதற்காக. என் சொந்தங்களை அப்படி ஒருநாள் நல்ல மனதோடு பார்க்க வருமா என்றுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பென்சில் சீவுகிறேன்.